கரகரப்புக்கு ஒரு தகர மூடி

கல்யாணமான புதிதில் என் கணவர் சவூதியிலிருந்து தையல் மெசினுக்குப் பூட்டும் சின்ன மோட்டர் ஒன்றை அனுப்பியிருந்தார். மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்திருந்த எனக்கு அது வந்த அன்றே பெருநாள்தான். ஆனால் நான் தைக்கத் தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, ஒரு ரேடியோவும் உருப்படியாகக் கேட்காது. கரகரவென்று இரையும். அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கத்துவார். எனக்கும் வாய் சும்மா இராது.

"உங்கட மகளுக்கும்தானே தைக்கிறன் மாமி!"

நோன்பு முடியும் கட்டத்தில் விசயம் முற்றிவிட்டது. இருபத்தொன்பதாம் நோன்பன்று பிறை கண்டதா, விடிந்தால் பெருநாளா என்பதை ரேடியோவில்தான் சொல்வார்கள். மெசின் ஓடினால் அது யார் காதிலும் விழாது. நிறுத்திவிட்டு மறுநாள் பெருநாளாகிப் போனால், ஒழுங்கைப் பிள்ளைகளின் சட்டைகள் கையில்லாமல் கிடக்கும். தைத்துத் தருகிறேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு நித்திரையே போய்விட்டது.

மோட்டரைக் கழற்றி, கடைத்தெருவில் ரேடியோ திருத்துபவரிடம் கொண்டுபோனேன். உள்ளே பறக்கும் தீப்பொறிதான் காரணம் என்றார். பொறியை அடக்க ஒரு கண்டென்சரை வைத்துத் தந்து, மோட்டரைத் தகரத்தால் மூடி, தகரத்திலிருந்து மண்ணுக்கு ஒரு கம்பி இழுக்கச் சொன்னார். பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி, காற்றுப்போக ஆணியால் ஓட்டை போட்டு மூடினேன். மண் என்றுதானே சொன்னார் என்று, கம்பியைப் பக்கத்திலிருந்த பூச்சட்டிக்குள் குத்தினேன். இரைச்சல் குறைந்தபாடில்லை. போய்ச் சொன்னபோது அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு அவர் சொன்னபடி, நிலத்தோடு சேரக் கிணற்றடி ஈரத்தில் ஓர் இரும்புக் கம்பியை ஆழமாக அடித்திறக்கி அதில் கட்டினேன்.

இருபத்தொன்பதாம் நாள் நோன்பு திறந்து, மஃரிபும் தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லித் தைக்கக் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் மாமி ரேடியோவையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னகா, மெசினை நிப்பாட்டிட்டியா? ரேடியோ இரையவே இல்லையே! என்ட மகள்ட சட்டை என்னாகிற?"

"கண்ணைத் திறந்து பாருங்க மாமி, ஓடுது!"

ஏறி இறங்கும் ஊசியையும் கையிலிருந்த ரேடியோவையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வந்தது. பிறை தென்பட்டுவிட்டது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஒழுங்கையெங்கும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுதுட்டு இரிக்காம தை புள்ள" என்று முதுகில் தட்டிய மாமி, பக்கத்தில் குந்திப் பட்டன் தைக்கத் தொடங்கினார்.

மறுநாள் பெருநாள் தொழுகைக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளைகூடப் பழைய உடுப்போடு போகவில்லை. என்னுடையது மட்டும்தான் பழசு.