சார் என்று கூப்பிட்டவர்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துத் தருவதுதான் வேலை. வாட்ஸ்அப் அப்போதுதான் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது. வெல்டர், ஃபிட்டர் என்று கம்பெனி கேட்கும் ஆளை ஊர் ஊராக விசாரித்துத் தேடி எடுப்பவர் சோர்சர். அந்த ஆளிடமும் கம்பெனியிடமும் பேசி வேலையில் சேர்த்துவிடுபவர் ரெக்ரூட்டர். நான் ரெக்ரூட்டர்.

எனக்கு ஆள் தேடிக் கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. கணவர் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அக்கா தபாலில் பி.காம். முடித்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை சார் என்பார். ஆபீஸ் வழக்கம் அது. எனக்குச் சுழல் நாற்காலியும் விசிட்டிங் கார்டும், அவருக்கு பிளாஸ்டிக் நாற்காலி. என் சம்பளத்தில் பாதிகூட அவருக்கு இல்லை. ஆள் சேர்ந்தால் வரும் இன்சென்டிவும் எனக்கு மட்டும்தான். நான் அதே சுரங்கத்தின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பெர்மனென்ட் ஊழியரின் மகனாக வளர்ந்தவன். ஒரே ஷிப்டுக்குப் போகிற இரண்டு பேரில் ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ், இன்னொருவருக்கு வாடகை வீடு என்பதைப் பார்த்தே வளர்ந்ததால் இது என்னை உறுத்தவே இல்லை. உறுத்தாமல் இருந்ததை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

என் வேலையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா ஓர் ஆளிடம் பேசினால் அவருடைய அனுபவம், கடன், பிள்ளை படிக்கும் வகுப்பு, மாமியார் சம்மதம் வரை கேட்டுக் குறிப்பு எழுதிவைப்பார். நான் அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொண்டே அதே ஆளிடம் அதே கேள்விகளைப் பாதி இங்கிலீஷில் கேட்பேன். அதற்கு இன்டர்வியூ என்று பெயர்.

ஒருமுறை ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றுக்கு பாய்லர் ஆபரேட்டர் அவசரமாகத் தேவைப்பட்டார். லைசென்ஸ் உள்ள ஆள் லேசில் கிடைக்கமாட்டார். நெல்லிக்குப்பம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, அவர் தம்பியை அக்கா பிடித்துவிட்டார். அங்கே சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். எல்லாம் முடிந்து, சேர வேண்டிய நாள் காலையில் அந்த ஆள் என் போனை எடுக்கவில்லை. ஐந்து முறை அடித்தேன். அக்கா அடித்ததும் எடுத்தார். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றுகொண்டு, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

"வூட்டுல அழுதுகினு இருக்காங்களா? அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். பொண்ணுக்கு ஸ்கூலு விசாரிச்சுட்டேன், நீங்க போற ஃபேக்டரிக்குப் பக்கத்துலயே இருக்குது. நீங்க மொதல்ல பஸ் ஏறுங்க" என்றார் அக்கா. பேசிக்கொண்டே வெளியே மாடிப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் ஓனர் வந்தார். "ஆளு நழுவப் பாத்தானாமே, யாரு பேசி அனுப்புனது?"

"நான்தான் சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஓனர் என்னைத் தனியாக அழைத்தார். "அந்தம்மா ரெக்ரூட்டர் வேலை கேக்குது. மூணு வருஷமாச்சு. போட்டுரலாமா? நீ என்ன சொல்ற?"

"கம்பெனிக்காரங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசணுமே சார். அவங்களுக்கு வராது."

எங்களோடு பேசிய கம்பெனிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழில்தான் பேசினார்கள். அக்கா ரெக்ரூட்டர் ஆகிவிட்டால் எனக்கு யார் ஆள் தேடித் தருவார்கள் என்ற பயம்தான் அது. அந்தப் பயத்துக்கு இங்கிலீஷ் என்று பெயர் வைத்தேன். அந்த மாதத்தோடு அக்கா நின்றுவிட்டார். கிளம்பும்போதுகூட "வரேன் சார்" என்றுதான் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து அந்த பாய்லர் ஆபரேட்டர் ஸ்வீட் பாக்ஸோடு மாடி ஏறி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சம்பளத்த ஏத்திக் குடுக்கச் சொல்லி கம்பெனில நீங்க எவ்ளோ போராடுனீங்கன்னு அக்கா சொல்லிச்சு. பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு இருந்தப்பகூட அதத்தான் சொல்லிச்சு. எங்க சாரு ஒங்களுக்காக வாக்கு குடுத்துட்டாரு, அவரு பேரக் காப்பாத்துங்கன்னு. அதுக்கப்புறந்தான் ஏறுனேன்."

நான் யாரிடமும் போராடவில்லை. கம்பெனி சொன்ன சம்பளத்தை அப்படியே அவரிடம் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா இல்லீங்களா?"

"வேலய வுட்டு நின்னுட்டாங்க."

"ஐயோ, ஏங்க?"

"தெரியலீங்க" என்றேன். அவர் பாக்ஸைத் திறந்து நீட்டினார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.