உடைப்பில் திரும்பிய கதை

நாற்று முடியைக் கையில் பிடித்தபடி நாத்தனார் நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பாகூர் ஏரிக்குக் கீழே நடவு. எங்கள் வரிசையில் கதை சொல்கிறவர் அவர்தான். நான் திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். ஏரிக்கரைக் கதை எனக்குப் புதிது. கதையில், கரை நிற்காமல் உடைந்துகொண்டே இருக்கிறது. காவு கொடுத்தால் நிற்கும் என்று, கஞ்சி கொண்டுவந்த பிள்ளைத்தாய்ச்சித் தங்கையை அண்ணன்மார் உடைப்பில் இறக்குகிறார்கள். அந்த இடத்தில்தான் நிமிர்ந்தார். எனக்கு அப்போது ஐந்து மாதம். முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்குமா என்ற பயத்திலேயே நட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் மறுபடி குனிந்து, "வயித்துல இருந்த புள்ள அழுதுச்சாம். அதக் கேட்டுத் தண்ணியே பின்வாங்கிடிச்சி. அவ வூட்டுக்கு வந்துட்டா" என்றார். வரிசையில் மற்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "இன்னாடி நின்னுட்ட? கத கேக்கவா கூலி?" என்று என்னைத்தான் ஏசினார். என்னை அவருக்கு ஆகாது என்றே நினைத்திருந்தேன்.

மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில், எங்கள் ஊரில் கதை எழுதும் வாத்தியார் ஒருவர் இந்த ஏரிக்கதையை வைத்து எழுதிய சிறுகதை பத்திரிகையில் வந்தது. மகள் படித்துக் காட்டினாள். அதில் தங்கை கரைக்குள்ளேயே போய்விடுகிறாள். எனக்கு மனசு ஆறவில்லை. நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற நான், பஸ் நிறுத்தத்தில் அவரிடம் போய், "சார், முடிவ மாத்திட்டீங்களே. அவ வூட்டுக்கு வந்துட்டா சார்" என்றேன்.

"இல்லம்மா, உங்க நாத்தனார் சொன்னதுதான். எப்பவும் அப்பிடித்தான் சொல்வாங்க. நீங்க எப்ப கேட்டீங்க?"

மகள் வயிற்றில் இருந்தபோது என்றேன். வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்டார். அடுத்து அவர் எழுதியது, நடவு வரிசையில் ஒருத்திக்காகக் கதையைத் திருப்பிவிடும் பெண்ணைப் பற்றி. ஏரிக்கதை ஊருக்கே பொது. அது யாருக்காகத் திரும்பியது என்பதில்தான் அவருக்கு இன்னொரு கதை கிடைத்தது போலிருக்கிறது.

பஸ் நிறுத்தத்தில் பேசிய அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். "இன்னா அண்ணி, எனக்கு மட்டும் வேற கதயா?"

"ஆமாண்டி. நீ அழுதுக்கினு குந்திட்டா ஒம் பங்க எவ நடுவா?" என்று முறத்தைத் தட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

நாத்தனார் இப்போது இல்லை. போன மாதம் நூறு நாள் வேலையில், ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். கூச்சத்தோடு தொடங்கினேன். கதையில் உடைப்பு வந்தது. ஓரமாக ஒரு சின்னப் பெண், வயிற்றின்மேல் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவளை ஒரு தரம் பார்த்தேன். தண்ணீர் பின்வாங்கிவிட்டது. தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள்.