அடுக்களை வாசலுக்கு ஓடிய ஜின்

கானாவின் கடலோரக் குன்றில் முதலில் வந்தது வெள்ளைக்கார அதிகாரியின் வீடு. பல்கலைக்கழகம் அதைச் சுற்றிப் பிறகு முளைத்தது. முன்வாசல் துரைக்கும் அவருடைய எழுத்தர்களுக்கும், பின்வாசல் வேலைக்காரர்களுக்கு. எகுவா எஷுனின் தாத்தா குவேசி அங்கே சமையல்காரர். அவர் வைத்த நிலக்கடலைக் குழம்பின் மணத்துக்கு மூன்று கப்பல்கள் திரும்பி வந்ததாகச் சொல்வார்கள், ஒன்றையாவது நம்பலாம்.

துரை போனார், வீடு விருந்தினர் விடுதியானது. எகுவா அதன் பொறுப்பாளரானாள். ஒருநாள் ஒரு பேராசிரியர், “உங்க குடும்பம் இங்கேயே இருந்ததாமே?” என்றதும் வாய் முந்திக்கொண்டது: “தாத்தா துரையோட எழுத்தர்.” அன்று பிறந்த எழுத்தர் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தார். கோட்டு போட்டார், கண்ணாடி மாட்டினார், கடைசியில் துரையின் ஆங்கிலத்தையே திருத்தினார்.

வீட்டின் நூற்றாண்டு விழா. அங்கே வாழ்ந்து மறைந்தவர்களைப் பேர் சொல்லி அழைத்து, அவர்கள் குடிக்க வாசல் தரையில் ஜின் சாராயம் வார்க்க, ஊர்த்தலைவருக்காகப் பேசும் கொபினா பெரியவர் கோலோடு வந்தார்.

“எகுவா அத்தை, உங்க தாத்தாவுக்கு எந்த வாசல்ல ஊத்தட்டும்? செத்தவங்க பழகின வழியிலதான் வருவாங்க. இடம் மாத்தி ஊத்தினா மனுஷன் தாகத்தோட திரும்பிடுவாரு.”

கூட்டம் முழுக்க அவளையே பார்த்தது.

“முன்... முன்வாசல்தான், ஐயா.”

ஊற்றினார். கழுவிய தண்ணீர் பின்னால் போகட்டுமென்று துரை தரையைச் சரித்துக் கட்டியிருந்தார். அத்தனை வருஷம் அதைத் துடைத்தவளுக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. ஜின் கூடத்தைக் கடந்து, சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்து, நேரே அடுக்களைப் பின்வாசலில் போய் நின்றது.

“எழுத்தருக்குப் பசி எடுத்துடுச்சு டோய்!” என்றார் கொபினா. எல்லோரும் சிரித்தார்கள். பொய் பிழைத்துக்கொண்டது. எகுவாவுக்கோ காது மடல் வரை எரிந்தது.

“யாராவது துடைங்கப்பா, வழுக்கப் போகுது,” என்றாள் துணைவேந்தரின் மனைவி.

துணி எகுவாவின் கையில்தான் இருந்தது. குனிந்தாள். கை போகவில்லை.

“துடைக்கக் கூடாதும்மா. ஆள் நிக்கிறாரு,” என்றாள்.

“யாரு?”

“இந்த வீட்டுச் சமையல்காரர். எங்க தாத்தா.”

சிரிப்பு நின்றது. கொபினா புட்டியோடு பின்வாசலுக்கு வந்தார். “இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, அத்தை? பாதி புட்டி வீணாப்போச்சே!” என்று முணுமுணுத்துவிட்டு, குரலை உயர்த்தினார்: “குவேசி எஷுன், வாங்க. குடிங்க.”

ஜின் தரையில் விழும் சத்தம் கேட்டது. எகுவா நிமிர்ந்து பார்க்கவில்லை.