விரத வீட்டில் ஒரு டாங்க் கிளீனர்

அந்த மீனை நான்தான் தெரிந்தெடுத்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த வளர்ப்பு மீன் கடையில், கரிய நிறத்தில், முதுகில் முள்ளும் தலைக்கு அடியில் உறிஞ்சும் வாயுமாகக் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தது. பாசியைத் தின்பதால் எல்லோரும் அதை டாங்க் கிளீனர் என்பார்கள். வயிறு ஒட்டாத, கண் குழி விழாத ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். கொழும்பில் இப்படியொரு கடையில் கொஞ்சக் காலம் கூலிக்கு நின்றதில் மிஞ்சிய அறிவு அது.

அத்தானின் தொட்டிக்குத்தான் வாங்கினேன். அத்தான் சுன்னாகத்தில் வெங்காய வியாபாரம் செய்பவர். முன் ஹோலில் கொழுத்த தங்கமீன்கள் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊரூராகத் திரிந்த நான், அப்போது அக்கா வீட்டில் தண்ணீர் மோட்டர் இருந்த அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. தொட்டியைப் பார்ப்பது என் வேலை என்றானதால் அந்த அறை எனக்கிருந்தது. அதை விட்டால் போக இடமில்லை.

"தங்கமீனோடை இதை விடுறது அவ்வளவு சரிவராது அத்தான். அது சோம்பேறி, ஆறுதலா நீந்தும். இதுக்குப் பசிச்சால் அதின்ரை உடம்பிலை ஒட்டிச் சூப்பும். சுறுசுறுப்பான சின்ன மீனெண்டால் பரவாயில்லை."

"என்ரை தங்கமீனை நான் மாத்தமாட்டன். நீ உதுக்குப் பசிக்காமல் பார், பேந்தென்ன?"

பார்த்தேன். பின்னேரம் அடியில் தாழும் உணவு வில்லை போட்டேன். சுரண்டித் தின்ன ஒரு மரவேர்த் துண்டும் வைத்தேன். ஒரு குறையும் வரவில்லை.

நல்லூர்க் கோயில் கொடியேற்றம் வந்தது; திருவிழா முடியும்வரை வீட்டில் விரதம். அக்கா வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். மீனும் இறைச்சியும் சமைக்கும் மச்சச் சட்டிகள் பின் கொட்டிலுக்குப் போயின. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் தொட்டியும் கழுவப்பட்டிருந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டுப் பாசி இல்லை. வழுவழுத்துக் கிடந்த வேர்த் துண்டு அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது. கருவாட்டு மணம் அடிக்கும் உணவு வில்லைகள் சட்டிகளோடு கொட்டிலுக்குள் பூட்டப்பட்டிருந்தன.

"மீனே மச்சந்தானே அத்தான்," என்றேன். "தொட்டியையும் தூக்கிக் கொட்டிலுக்குள்ளை வைப்பமோ?"

அக்காவின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உயிரோடை இருக்கிறது மச்சமில்லை. விசர்க்கதை கதையாதை. விரத வீட்டிலை உந்த நாத்தச் சாமானைக் கையாலை தொடேலாது. தங்கமீனுக்குச் சோறு போடு," என்றார் அத்தான்.

"மற்றதுக்கு?"

"உது ஊத்தை தின்னுறதுதானே. உதுக்கேன் தனிச் சாப்பாடு?"

"ஊத்தையைத்தான் அக்கா கழுவிப்போட்டாவே."

அத்தான் திருநீற்றுத் தட்டை எடுக்கப் போனார்.

அவித்த பூசணித் துண்டைக் கல்லில் கட்டித் தாழ்த்தினேன். அது வந்து ஒட்டிக்கொண்டு தின்றது. அதற்குள் சோறு புளித்துத் தண்ணீர் கலங்கியது. பழி பூசணிக்கு விழுந்தது. இனிமேல் அதைப் போடக்கூடாது என்றார் அத்தான். வீடு அவருடையது. நான் பூசணியை நிறுத்தினேன்.

தங்கமீன்களின் விலாவில் செதில் கழன்று, சிவந்த புண் தெரிந்தது. தேரன்று நல்லூரிலிருந்து அவர்கள் திரும்பியபோது, அத்தான் பெரிதாகக் கொண்டாடிய தங்கமீன் மல்லாந்து மிதந்தது. கறுப்பு மீன் அதன் வயிற்றில் இன்னும் ஒட்டியிருந்தது.

"விரத நேரத்திலை வீட்டுக்குள்ளை சாவு," என்றார் அத்தான். "இப்பவே உதைக் கொண்டுபோய்க் குளத்திலை விடு."

"குளத்திலை விட்டால் வளந்து அங்கை இருக்கிறதுகளையும் முடிச்சிடும் அத்தான்."

"உன்னை மாதிரித்தான். இடம் குடுத்தவனைச் சூப்புற சாமான்."

நான் மீனை ஒரு வாளியிலும் உடுப்பை ஒரு பையிலும் போட்டேன். அக்கா வாசல் படலையடிக்கு வந்து, "திருவிழா முடியட்டும், நான் அவரோடை கதைக்கிறன்," என்றாள்.

பஸ்ஸில் கொண்டக்டர் வாளியை எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணை, தேரண்டைக்குக் குழம்பு வைக்கப் போறியளோ?" பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றும் இடத்தில் வேலை கிடைத்தது. சாக்கை விரித்து அங்கேயே படுத்தேன். குலை கழுவும் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று பாவிக்காமல் பச்சை பிடித்துக் கிடந்தது. மீனை அதில் விட்டேன். அது சாண் நீளத்துக்கு வளர்ந்தது.

மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் அக்கா போன் எடுத்தாள்.

"தொட்டி பாசி பிடிச்சு உள்ளை ஒண்டும் தெரியேல்லையடா. அத்தானுக்கு முதுகு நோ, குனியேலாது. ஒருக்கா வந்து கழுவித் தந்திட்டுப் போவன். சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"கொட்டிலுக்குள்ளை வைச்ச சட்டியள் எல்லாம் உள்ளுக்கு வந்திட்டுதோ?"

"அது திருவிழா முடிஞ்ச அடுத்த நாளே எடுத்தாச்சு. ஏன் கேக்கிறாய்?"

"நான் படுத்த அறை?"

"அதுக்குள்ளை வெங்காயம் கட்டித் தூக்கியிருக்கு."

வாறன் என்று சொல்லிப் போனை வைத்தேன். போகவில்லை.