முந்நூறு மாக்னம்

இன்று காலை, நான் இருக்கும் பியர்பொன்ட்ஸில், பக்கத்து வீட்டுக்காரர் கராஜைத் திறந்துவைத்துப் பனி தள்ளும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வேலி தாண்டி வந்த அந்த வாசனையில் றெனேயின் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்துவிட்டது. மேசையில் சாப்பாடு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் போடக் கழற்றிய வேட்டைத் துவக்கு கிடக்கும். அதன் ஓரத்தில் நாங்கள் கோப்பி குடிப்போம்.

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் லொறியை றெனே ஓட்டினார். நான் அதில் பெட்டி அடுக்குகிறவன். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவருடைய மனைவி விட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஒருத்தியும் வாய்க்கவில்லை, இன்றுவரை வாய்க்கவில்லை, அது வேறு கதை. எங்கள் பாஷை பாதி பிரெஞ்சு, கொஞ்சம் ஆங்கிலம், மீதி கை.

என்னோடு அறையில் இருந்த அண்ணை கேட்பார்: "துவக்குக்காரனோட உனக்கென்ன கதை? அதுக்குப் பயந்துதானே இங்க ஓடி வந்தனி?"

"ஓம் அண்ணை," என்பேன். சனிக்கிழமை வந்தால் போய்விடுவேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்தத் துவக்குக்கு முந்நூறு மாக்னம் என்ற பழைய தோட்டா. மெழுகுதிரி மாதிரி நீளமாக, தோள் சரிந்து, அடியில் ஒரு பட்டியோடு இருக்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் பிறந்ததாம். அந்தக் காலத்து வெடிமருந்து நூடில்ஸ் போல நீள இழைகளாக இருக்கும். வெக்கை நாடுகளில் அதன் உக்கிரம் கூடிவிடும். சுட்டபின் மிஞ்சும் வெறுங்கோது குழாயில் இறுகாமல் வழுக்கி வரட்டும் என்றுதான் அப்படிச் சரித்துச் செய்தார்களாம். தூரத்து மிருகத்துக்கும் குண்டு அதிகம் தாழாமல் போய்ச் சேரும். பிறகு அதே வேலையைச் செய்யும் கட்டைத் தோட்டா வந்ததும் கடைக்காரர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

"எங்கட பக்கத்துக்குச் செய்த சாமான் இந்தக் குளிருக்குள்ள என்ன செய்யுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ என்ன செய்யிறாயோ அதைத்தான்," என்றார் றெனே.

ஓர் இலையுதிர் காலத்தில் என்னையும் காட்டுக்குக் கூட்டிப்போனார். ஏரிக்கரையில் மூஸ் என்கிற பெரிய மான் வந்து நின்றது. வெடி கேட்டது. நான் குப்புறக் கிடந்தேன். முழங்கை நிலத்தில், விரல் காதில், வாய் திறந்தபடி. ஊரில் குண்டு போட பொம்பர் விமானம் வந்தால் அப்படித்தான் படுப்போம். எனக்குத்தான் பட்டுவிட்டது என்று நினைத்து றெனே துவக்கை வீசிவிட்டு ஓடிவந்து புரட்டினார். காயத்தைத் தேடி உடம்பெல்லாம் தடவினார். "எங்க பட்டது? எங்க?" மூஸ் ஒரே வெடியில் விழுந்து கிடந்ததை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தோம்.

அடுத்த வருடம் நானே கேட்டேன்: "இந்த முறையும் வாறன்."

"தோட்டா முடிஞ்சுது. இப்ப எங்கயும் விக்கிறதில்லை. இனி வேட்டை இல்லை."

நம்பினேன். மேசையிலிருந்து துவக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் சனிக்கிழமைகளில் ஹொக்கிதான் பார்த்தோம்.

போன வசந்தத்தில் றெனே செத்துப்போனார். வீட்டின் நிலவறையை ஒதுக்க அவருடைய தங்கை என்னைக் கூப்பிட்டாள். பெயின்ற் டின்களுக்குப் பின்னால் உடைக்காத தோட்டாப் பெட்டிகள், எல்லாம் முந்நூறு மாக்னம்.

"உன்னாலதான் வேட்டையை விட்டவர்," என்றாள். "நீ அண்டைக்குப் பயந்தது அவருக்கு மறக்கேல்லை."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெடிக்கு நான் இன்னும் எத்தனை தரமென்றாலும் குப்புற விழுந்திருப்பேன், றெனேயும் ஓடிவந்து புரட்டியிருப்பார். இப்போது நான் விழுந்தால் ஓடிவர ஒருவருமில்லை.