நீலக் கதவு

எங்கள் எதிர்வீட்டு ஹேபத் ஐயா முப்பது வருடம் எங்கள் ஊர் அர்தபீலிலிருந்து தப்ரீசுக்குப் பேருந்து ஓட்டியவர். மனைவி சோனா இறந்த பிறகு, வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு முன் ஊரே வீடு கழுவும்போதும் அவர் வீட்டில் வாளிச் சத்தம் கேட்டதில்லை. குளிருக்கு ஜன்னல்களில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் கோடையிலும் அப்படியே இருக்கும். திரைகள் மூடியே கிடந்ததால் துக்கம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து நாங்களும் பண்டிகைக்கு அவர் கதவைத் தட்டாமல் இருந்துவிட்டோம்.

அந்த வருடம் பனி உருகித் தெருவெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு காலையில், ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு பெண்கள் அவருடைய நீலக் கதவைத் தட்டினார்கள். மூத்தவள் குல்தாஜ். கூட வந்தவள் அவள் நாத்தனார் மலக்.

"வீடு சுத்தம் பண்ண வந்திருக்கோம் மாமா."

"யாரு அனுப்புனது?"

"ஒரு அம்மா போன் பண்ணாங்க. வீடு மொத்தமும்னு சொன்னாங்க."

தப்ரீசில் இருக்கும் மகள் நஸ்லிதான் ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று நினைத்து அவர் வழிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் கம்பளங்கள் முற்றத்தில் சோப்பு நுரையோடு விரிந்து கிடந்தன. திரைகள் வாளிக்குள் போயின. பிளாஸ்டிக் தாளைக் கிழித்ததும் வெயில் நேராக உள்ளே விழுந்தது. கணப்பின் புகையில் கறுத்த சுவரைப் பார்த்து, "இது எப்ப இப்படி ஆச்சு?" என்று அவர்களையே கேட்டார்.

"எங்கள கேட்டா மாமா? உள்ள உக்காந்திருந்தது நீங்க" என்றாள் மலக்.

அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பழைய ஊறுகாய் ஜாடிகளைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டதற்கு, "தெரியலையே மகளே" என்றார். கடைசியில் சோனாவின் பழுப்புக் கம்பளிக் கோட்டு வந்தது.

"இத வைக்கவா, யாருக்காச்சும் குடுத்துடவா?"

"வை. இல்ல, இரு. சும்மா வெயில்ல போடு."

மதியம் குல்தாஜின் போன் அடித்தது. அடுத்த சந்தில் இருக்கும் ஃபரங்கீஸ் டீச்சர் பேசினார். அவர் வீட்டுக் கதவும் நீலம்தான்.

"எங்கம்மா இருக்கீங்க? காலைலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்."

"உங்க வீட்லதான் இருக்கோம். கம்பளம் அலசிட்டிருக்கோம்."

"எங்க வீட்ல நான்தானே இருக்கேன்?"

குல்தாஜ் போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள். "மாமா, ஃபரங்கீஸ் டீச்சர் உங்க மகளா?"

"என் மக பேரு நஸ்லி."

அவரும் உடனே நஸ்லியை அழைத்தார். "நான் யாரையும் அனுப்பலியே அப்பா. யார உள்ள விட்டீங்க?" என்று அவள் பதறினாள்.

டீச்சர் கோபத்தோடுதான் வந்தார். கதவருகே அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டு நானும் போனேன். முற்றத்தில் பாத்திரங்களுக்கும் மெத்தைகளுக்கும் நடுவே ஹேபத் ஐயா ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. என்ன நடந்துச்சுன்னு எனக்கும் புரியல. கூட்டிட்டுப் போங்க."

"எப்படிக் கூட்டிட்டுப் போறது? வீடே வெளியில கெடக்கு" என்ற டீச்சர் நுரையைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தார். "சரி, இத முடிங்க. நாளைக்கு எனக்கு வாங்க. நாளைக்காவது கதவப் பாத்துத் தட்டுங்க."

மாலையில் காற்று சில்லிட்டது. மலக்கின் மேல்சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஹேபத் ஐயா கொடியிலிருந்த கோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "போட்டுட்டுப் போ."

மறுநாள் டீச்சர் வீட்டில் கம்பளங்களைத் தூக்க அவர் தானாகவே போய் நின்றார். "நீங்க எதுக்கு ஐயா?" என்று டீச்சர் கேட்பதற்குள் ஒரு கம்பளத்தின் முனையைப் பிடித்துவிட்டார். மலக் அந்தக் கோட்டை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அவர் அதைக் கையில் வாங்கினார், பார்த்தார், அவளிடமே திரும்பக் கொடுத்துவிட்டார். வீடு திரும்பும்போது வாசலில் நின்ற என்னிடம் இதைச் சொன்னார். "நேத்து குடுத்தப்ப திருப்பி வாங்கற எண்ணத்துல குடுத்தேனா, ஒரேயடியா குடுத்தேனான்னு எனக்கே தெரியல. இன்னைக்கு வாங்க கை வரல."

வீட்டுக்குள் அவர் பட்ட பாடு வேறு. அழுக்குப் போய்த் தெரிந்த கம்பளத்தின் சிவப்பு அவருக்குப் பழக்கப்படவில்லை. வழக்கமான மூலையில் உட்கார்ந்தால் வெயில் கண்ணில் அடித்தது. ஓரிரு நாள் அறைக்கு அறை மாறி உட்கார்ந்து பார்த்தார். பழைய திரைகளை மாட்டுவதா வேண்டாமா என்று நஸ்லியிடம் கேட்டார், என்னிடம் கேட்டார், ரொட்டிக்கடைக்காரரிடமும் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னோம்.

நவ்ரூஸ் அன்று ஜன்னல் வெறுமையாகவே இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அவர் உள்ளே நடப்பது தெரிந்தது. முதலில் டீச்சரும் கணவரும் போனார்கள். பின்னால் நாங்கள் போனோம். ரொட்டிக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். ஹேபத் ஐயா எல்லோருக்கும் தேநீர் ஊற்றிவிட்டுச் சர்க்கரைக் கட்டியைத் தேடத் தொடங்கினார். குல்தாஜ் எதை எங்கே வைத்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து திறந்து மூடினார்.

"விடுங்க ஐயா, சர்க்கரை இல்லாமலே குடிக்கிறோம்" என்றார் டீச்சர்.

"இருங்க, இருங்க. என் வீடுதானே, எங்கயாச்சும் இருக்கும்."

நாங்கள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.