தொற்று மட்டும்

எனக்குக் காசநோய் இல்லை. இதை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. சொல்லச் சொல்ல, எதிரில் நிற்பவர் அரை அடி பின்னால் நகர்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பதினாறு வருடமாக நர்ஸ் வேலை. செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வீடு. வேலை ஊருக்குள் ஒரு தனியார் மருத்துவமனையில், நெஞ்சு நோய்ப் பிரிவு. நாளெல்லாம் இருமுகிறவர்கள் நடுவில்தான் பிழைப்பு. போன வருடம் ஊழியர்கள் எல்லோருக்கும் பரிசோதனை என்றார்கள். முன்கையில் தோலுக்கடியில் சின்னதாக ஓர் ஊசி. இரண்டு நாள் கழித்து அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். என் கையில் ஸ்கேல் வைத்து அளந்தது என்கூட வேலை செய்யும் பெண்தான். "அக்கா, உங்களுக்குக் கொழுக்கட்டை மாதிரி எழும்பிடுச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் பிரிவில் பலருக்கும் அப்படித்தான் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம். கிருமி எப்போதோ உள்ளே போயிருக்கிறது, ஆனால் முடங்கிக் கிடக்கிறது. அது எழுந்து நோயாக மாறாமலிருக்க ஆறு மாதம் தினமும் மாத்திரை. முடங்கிக் கிடக்கிற கிருமி யாருக்கும் பரவாது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த மாதிரி வருகிறவர்களுக்கு எங்கள் மருத்துவமனையில் ஒரு சீட்டு கொடுப்பது வழக்கம். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டில் என் தங்கை இருந்தாள், இருபத்திரண்டு நாள் பெண் குழந்தையோடு. எங்கள் அம்மா இல்லை, அதனால் என் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. வளைகாப்பு முடித்துக் கூட்டி வந்தது நான், பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றது நான், குழந்தையைக் குளிப்பாட்டியதும் நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. காலை நீட்டி உட்கார்ந்து, அந்தச் சின்ன உடம்பைக் கால்மேல் கிடத்தி, இளஞ்சூடாகத் தண்ணீர் ஊற்றுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக டியூட்டியையே மாற்றி வாங்கியிருந்தேன். ஐந்தாம் மாதம் வரைக்கும் இந்தப் பாக்கியம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பேத்தியைப் பார்க்கப் போளூரிலிருந்து தங்கையின் மாமியார் வந்திருந்தார். மாத்திரையையும் சீட்டையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்புவதற்குள் அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் காசநோய் இல்லை. தொற்று மட்டும் உள்ளது. பயம் வேண்டாம்."

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாமா இது, தொற்றுனு போட்டிருக்குது?"

"அத்தை, நோய் இல்லனுதான் போட்டிருக்கு. நல்லா பாருங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். நோயின்னா உன்னோட போவும். தொற்றுன்னா அடுத்தவங்களுக்கு இல்ல ஒட்டிக்கும்? பச்சக் கொழந்தய வீட்ல வெச்சிக்கினு..."

"ஐயோ அத்தை, தொற்று இருக்கு, ஆனா தொத்தாது!"

என் வாயாலேயே இப்படிச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அந்த அம்மா உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

எவ்வளவோ பேசினேன். எக்ஸ்ரேயைக் காட்டினேன். டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். டாக்டரும் மகாராஜனாக, "ஒண்ணும் இல்லம்மா, வெறும் தொற்றுதான்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கார் வந்துவிட்டது. தங்கை அழுதாள், ஆனால் ஏறி உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, "அந்தச் சீட்ட ஏன் வீட்டுக்குக் கொண்டாந்த?" என்றார். வந்த ஆத்திரத்தில் அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

முப்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பிள்ளை பெற்றவளைக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றால் தெரு சும்மா இருக்குமா? "இன்னாக்கா, எதனா சண்டையா?" என்று எதிர்வீட்டுக்காரி விசாரித்தாள். ஆமாம், சண்டைதான் என்றேன். அது எவ்வளவோ மேல்.

பிறகு போனில் ஒரு நிபந்தனை வந்தது. மாத்திரை முடியட்டும், அப்புறம் நெகட்டிவ் ரிப்போர்ட் காட்டினால் குழந்தையைக் கொண்டு வருவார்களாம். இதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? மாத்திரை முழுசாகத் தின்றாலும் மறுபடி ஊசி போட்டால் கை மறுபடியும் தடிக்கத்தான் செய்யும். ஒருதரம் உள்ளே வந்த கிருமியை உடம்பு சுலபத்தில் மறக்காது. அப்படி ஒரு காகிதத்தை எந்த டாக்டராலும் எனக்கு எழுதித் தர முடியாது. தங்கையிடம் இதைச் சொன்னேன். "அப்போ எப்பவுமே போவாதாக்கா?" என்றாள் பயந்துபோய். போனை வைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் அந்த அம்மா பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறவர். போகிறதும் எங்கள் தெருமுனை வழியாகத்தான். லட்சம் பேர் இருமலிலும் தும்மலிலும் இடித்துப் பிடித்து மலையைச் சுற்றலாம், என் வீட்டு வாசல்படி மட்டும் ஆகாது! ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வயிறு எரிந்தது.

ஊர் அறிவில்லாமல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் தையல்கடைக்காரர் ஒருவருக்கு அதே சீட்டைக் கொடுத்தேன். அவர் அண்ணனுக்குக் காசநோய், இவருக்கு முடங்கிய கிருமி. படித்துவிட்டு மெதுவாக, "சிஸ்டர், தட்டு டம்ளர்லாம் தனியா வெச்சிக்கணுமா?" என்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதே இல்லை. எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "எழுதியிருக்கிறத ஒழுங்கா படிங்க" என்று ஒவ்வொருவரிடமும் எரிந்து விழுந்திருக்கிறேன். சிலர் மாத்திரை வாங்கவே திரும்பி வரவில்லை. அன்றைக்குத்தான் அந்தச் சீட்டை நான் ஒழுங்காகப் படித்தேன். அந்த மூன்று வரியும் என்னுடையது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி டாக்டர் கேட்டபோது, பெருமையாக உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்தது. நோய் வேறு, தொற்று வேறு என்பது எங்களுக்கு மனப்பாடம். ஊருக்குத் தொற்று என்றால் ஒட்டிக்கொள்வது. அந்த அம்மா சீட்டைச் சரியாகத்தான் படித்தார். நான்தான் நேர்மாறாக எழுதி வைத்திருந்தேன்.

அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம்தான் ஜாஸ்தி, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அன்றே மாற்றி எழுதினேன். 'கிருமி உடம்பில் தூங்குகிறது. உங்களிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. தட்டு தனியாக வேண்டாம். குழந்தைகளைத் தூக்கலாம், கொஞ்சலாம். அது விழித்துக்கொள்ளாமலிருக்க மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.' டாக்டர், "என்ன சிஸ்டர், கதை மாதிரி இருக்கு" என்றார். "கதையாவே இருக்கட்டும் சார், அச்சடிங்க" என்றேன்.

மாத்திரை முடிந்த அடுத்த பௌர்ணமிக்குத் தங்கை பிடிவாதம் பிடித்திருக்கிறாள். வெயில் தாழ்ந்த நேரத்தில் மூன்று பேரும் வந்தார்கள். மாமியார் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "ரிப்போர்ட்டு?" என்றார். நான் வாதாடவில்லை. புதுச் சீட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படித்தார். 'குழந்தைகளைத் தூக்கலாம்' என்ற இடத்தை இரண்டு தரம் படித்தார்.

"இத மொதல்லயே இப்படி எழுதறதுக்கு இன்னாவாம்? எந்தப் புண்ணியவான் எழுதுனானோ அந்தப் பழைய சீட்ட!"

சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இடுப்பிலிருந்த குழந்தையை என்னிடம் நீட்டினார். எட்டு மாதம். நல்ல கனம். இரண்டு பல் முளைத்திருந்தது. என் கைக்கு வந்ததும் ஒரு கணம் என் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு உதடு பிதுங்கி, வீல் என்று அலறி, உடம்பை வளைத்துத் திமிறி மாமியார் பக்கம் இரண்டு கையையும் நீட்டியது.

அந்த அம்மா வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். என்மேல் அவருக்கு இரக்கமாகக்கூட இருந்திருக்கும்.

"ஒண்ணும் இல்லமா. புது முகம் இல்லியா, அதான்."

புது முகமாம், நான்.